ஐம்பத்தைந்து இன்ச்சில் கன்னியப்ப சுவாமிகள்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னக் கட்டம் திறந்து ஏதாவது கேள்வி கேட்டால், அதைப் படிக்காமலேயே 'சரி' என்று அமுக்குகிற ரகம் நான். நீங்களும் அப்படித்தான். சும்மா நல்லவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அப்படி அமுக்கி, உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஒரு பட்டுக் கடைக்காரரைச் சாமியாராக்கிய பெருமை உங்களில் யாருக்கும் இருக்காது. எனக்கு இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மாகறலிலிருந்து தினமும் பஸ் பிடித்து சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்து, வரதன் முதலாளியின் பட்டுக் கடையில் டிசைன் போடுகிற வேலை. புடவையின் பேட்டு (கரையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்), முந்தி, உடலில் அங்கங்கே வருகிற புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். வரைந்ததைச் சுவரில் மாட்டியிருந்த ஐம்பத்தைந்து இன்ச் டிவியில் கல்யாணக் கோஷ்டிகளுக்குக் காட்ட வேண்டும். மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சர்டிபிகேட்டை எங்கம்மா பைபிளுக்குள் வைத்திருந்தாள். அந்தச் சர்டிபிகேட்டின் பலத்தில், உலகத்தில் எனக்குத் தெரியாத பட்டனே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம். காலையில் டிவியில் முதலில் தெரிவது பெருமாளாக இருக்க வேண்டும். கருட வாகனத்தில் பெருமாள் ஜம்மென்று திரை முழுக்க நிற்பார்; முதலாளி கண்ணை மூடிக்கொண்டு டிவிக்குக் கற்பூரம் காட்டுவார்; கீபோர்டுக்கு ஒரு குங்குமப் பொட்டு, மவுஸுக்கு ஒரு பொட்டு. அதற்கப்புறம்தான் வியாபாரம். (அந்த மவுஸைப் பிடித்த வகையில் என் உள்ளங்கை ஒரு வருஷம் சிவப்பாகவே இருந்தது.)

சாஃப்ட்வேர் இதற்கு ஒத்துழைக்கவில்லை. திறந்த உடனே வெல்கம் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அவளை மூடினால் 'இன்றைய குறிப்பு' வரும். அதை மூடினால் புது வசதிகள் என்று ஒரு பட்டியல். அதையும் மூடினால், 'போன தடவை விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?' என்று ஒரு கேள்வி. இத்தனை பேரையும் தாண்டிப் பெருமாள் வந்து சேருவதற்குள் தட்டில் கற்பூரம் அணைந்துவிடும்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, யாரும்மா இந்தப் பொண்ணு? பெருமாளுக்கு முன்னாடி இவ வந்து நிக்கிறா?"

"அது வெல்கம் ஸ்கிரீன் சார். சாஃப்ட்வேர்காரங்க வெச்சது."

"என் கடைக்கு வர்றவங்கள வாங்கன்னு சொல்ல நான் இருக்கேன். இவ எதுக்கு? மொதல்ல வெளிய அனுப்பு."

அனுப்பினேன். வெல்கம், குறிப்பு, பட்டியல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பெருமாள் படத்தைத் திரை முழுக்க விரித்து, அப்படியே ஒரு செஷனாகச் சேமித்து, அதற்கு 'பெருமாள்' என்று பெயர் வைத்து, டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டேன். அதை இரண்டு தட்டு தட்டினால் போதும். நடுவில் ஒரு ஆள் கிடையாது, நேராகப் பெருமாள். முதலாளி அந்த ஐகானைப் பார்த்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சார், நான் கிறிஸ்டியன். நான் போய் இதெல்லாம் தொடலாமா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.

"மவுஸுக்கு ஏதும்மா மதம்? நீ தொடு" என்றார். தங்கமான மனுஷர்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் புத்தி வேலை செய்யாது. அந்த விஷயத்தின் பெயர் கன்னியப்பன்.

கன்னியப்பன் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருப்பவர். எங்கள் முதலாளியின் சகலை. அதாவது அக்காவைக் கட்டியவர் கன்னியப்பன், தங்கை மங்கையம்மாவைக் கட்டியவர் எங்கள் முதலாளி. மாமனாரின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று சண்டை. கன்னியப்பன் மூத்த மாப்பிள்ளை. எங்கள் முதலாளி வயதில் இரண்டு வருஷம் மூத்தவர். போதாதா? எட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு ஆம்பளைகளின் வீம்பில் அக்காளும் தங்கையும் கோயில் பிரகாரத்தில் பார்த்துக்கொண்டால் கண்ணாலேயே பேசிவிட்டு விலகிப் போக வேண்டிய நிலைமை. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நேரத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மங்கையம்மா தூக்கி வளர்த்த பெண். பூக்காரம்மா கூடையில் மல்லிக்கு அடியில் ஒளித்து வைத்துப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மங்கையம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல், முதலாளியிடம் கெஞ்சிக் கெஞ்சி, "பாக்கலாம்" என்கிற அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"பாக்கலாம்னு சொல்லியிருக்கிறாரு ஸ்டெல்லா. இன்னும் பத்து நாள் இருக்குது. நடுவுல எதுவும் ஆவாம இருந்தா போதும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த 'எதுவும்' நான்தான் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

முதலாளி கன்னியப்பனின் நம்பரை பிளாக் செய்திருந்தார். ஆனால் கன்னியப்பன் ஸ்டேட்டஸில் போடுகிற புதுப் புடவைகளை மட்டும் தினமும் பார்த்தாக வேண்டும். எப்படி? என் போனில். அதிலும் ஒரு கொள்கை: அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன். அதனால் படத்தில் கன்னியப்பனின் முகத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு, பின்னால் தொங்குகிற புடவையை மட்டும் பார்ப்பார். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் போனில் தொடங்கிய எட்டு வருஷப் பழக்கம். விரல் தானாகப் போய் சரியான இடத்தில் உட்காரும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கட்டை விரல் போனை விட்டு எழவே இல்லை.

"ஸ்டெல்லா, அந்த அன்னப்பட்சி புட்டாவ பாரு. வட்டத்துக்குள்ள எப்பிடி கொண்டாந்து வெச்சிருக்கிறான் பாரு, ராஸ்கல். நாளைக்கு வேலூர் பார்ட்டி வருது. ஒரு சாம்பிள் போட்டு வையி."

"காப்பியா சார்?"

"காப்பி இல்லம்மா. பாத்து, அதே மாதிரி."

படத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, சாஃப்ட்வேருக்குள் திறந்து, திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கன்னியப்பன் நெற்றியில் பளிச்சென்று திருநீற்றுப் பட்டை, கழுத்தில் உருத்திராட்சம், கும்பிட்ட கை, வாய் நிறையச் சிரிப்பு. நல்ல தெளிவான புட்டா அவர் தலைக்கு நேர் பின்னால் இருந்தது. அதைச் சுற்றி மஞ்சளில் ஒரு வட்டம் போட்டேன். அளவு குறிப்பதற்காக வட்டத்திலிருந்து வெளியே சின்னச் சின்னக் கோடுகள் இழுத்தேன். எத்தனை அழகாகச் செய்தேன் தெரியுமா? நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முடிப்பதற்குள் ஆறு மணி. ஆறே காலுக்கு மாகறல் பஸ். மூடப் போனால், தினமும் கேட்கிற அந்தக் கேள்வி வந்து நின்றது. 'இந்தச் செஷனில் செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?' தினமும் 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டுப் போவேன். அன்று பஸ் அவசரம். கேள்விக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி: 'இனிமேல் கேட்காதே.' தொல்லை விட்டது என்று அதில் ஒரு டிக் அடித்து, 'சரி' என்று அமுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அன்றைய நாள் நல்ல நாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். பஸ் வழியில் பஞ்சராகி, நான் கடைக்குள் நுழைந்தபோது பத்து இருபது. மணிச் சத்தம் வாசலிலேயே கேட்டது. எனக்காகக் காத்திருந்து பார்த்த முதலாளி, ராகு காலத்துக்கு முன்னால் பூஜை முடியட்டும் என்று தானே ஷார்ட்கட்டைத் தட்டியிருக்கிறார். ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்தும் அந்த இரண்டு தட்டு அவருக்கு வந்ததே இல்லை. அன்று வந்திருக்கிறது. தட்டிவிட்டு, திரும்பிக் கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு, மணியை ஆட்டியபடி ஆரத்தியைச் சுற்ற ஆரம்பித்திருக்கிறார்.

டிவியில் கன்னியப்பன்.

ஐம்பத்தைந்து இன்ச். பட்டை, உருத்திராட்சம், கும்பிட்ட கை. தலைக்குப் பின்னால் என் கையால் போட்ட மஞ்சள் ஒளிவட்டம். அதிலிருந்து கிளம்புகிற கிரணங்கள்.

ஏசப்பா! என்று வாய் விட்டே சொல்லிவிட்டேன். (யாருக்கும் கேட்கவில்லை, மணிச் சத்தம்.) வேலூர் பார்ட்டி ஏழு பேரும் எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணப் பெண்ணின் பெரியப்பா, ஆஜானுபாகுவான மனிதர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து காபித் தட்டோடு வந்த மங்கையம்மா டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். நான் மவுஸை நோக்கிப் பாய்ந்தேன். நடுவில் பெண்ணின் அம்மா கைகூப்பி நின்றார். "இரும்மா, ஆரத்தி முடியட்டும்" என்று என்னை அதட்டி நிறுத்தினார்.

ஆரத்தி முடிந்தது. முதலாளி கண்ணைத் திறந்தார்.

எட்டு வருஷமாகக் கட்டை விரலால் மூடி வைத்திருந்த முகம், கட்டை விரலால் மூட முடியாத அளவில், எதிரே சிரித்துக்கொண்டிருந்தது. முதலாளி தட்டைக் கீழே வைக்க மறந்து, கண் இமைக்காமல் நின்றார். பெரியப்பா அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

"சாமி பேரு இன்னாங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். ஏழு பேரையும் பார்த்தார். காலையில் முதல் கஸ்டமர். கல்யாணத்துக்கு மொத்தமாகப் புடவை எடுக்க வந்தவர்கள். என் சகலைக்குத்தான் சூடம் காட்டினேன் என்று எந்த வாயால் சொல்வார்?

"கன்னியப்ப..." என்று இழுத்து, எச்சில் விழுங்கி, "சுவாமிகள்" என்று முடித்தார்.

"ஜீவ சமாதி எங்க இருக்குது?"

"இன்னும் ஆகல. உயிரோடதான் இருக்கிறாரு." அந்த வார்த்தையை எவ்வளவு வருத்தத்தோடு சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்ப தரிசனம் கெடைக்குமா?"

"கஷ்டங்க. எட்டு வருஷமா பேசறதில்ல."

"மௌன சாமி!" என்று பெரியப்பா மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்ணின் அம்மா டிவி முன்னால் குடும்பத்தையே நிறுத்தி, நடுவில் கற்பூரத் தட்டோடு முதலாளியையும் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். எடுத்த கையோடு ஸ்டேட்டஸில் போட்டார். அந்தம்மாவுக்குக் காஞ்சிபுரத்தில் எத்தனை சொந்தம் இருந்ததோ, மதியத்துக்குள் படம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் வந்து, "இன்னா முதலாளி, சகலைக்கே கற்பூரமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வேலூர் பார்ட்டி புடவை எடுத்துக்கொண்டு போன பிறகு முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைலேர்ந்து வராதம்மா" என்றார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு மங்கையம்மா பக்கம் திரும்பி, "கல்யாணத்துக்கும் யாரும் போவத் தேவையில்ல. ஊரே சிரிக்குது. அவன் வூட்டு வாசல்ல போய் நின்னா பூமாலை போட்டு கேலி பண்ணுவான்" என்றார்.

மங்கையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் கெஞ்சி வாங்கி வைத்திருந்த ஒரு 'பாக்கலாம்', என்னுடைய ஒரே ஒரு டிக்கில் போயே போய்விட்டது. வேலை போனதற்காக அல்ல, அதற்காகத்தான் பாத்ரூமில் போய் அழுதேன். என்னை நானே திட்டிக்கொள்ள நல்ல கெட்ட வார்த்தை கூடத் தெரியாதே என்று இன்னும் கொஞ்சம் அழுதேன்.

நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கன்னியப்பன் இறங்கினார். பின்னாலேயே அவர் சம்சாரம். கையில் போன். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அடிதடிதான் என்று நான் ஸ்டேப்ளரை எடுத்து ஒளித்து வைத்தேன். (ஏன் ஸ்டேப்ளர்? தெரியாது. கைக்கு அதுதான் கிடைத்தது.)

கன்னியப்பன் உள்ளே வந்தார். போனை நீட்டினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"இன்னா சகல இது? எட்டு வருஷமா உன்ன நான் திட்டாத நாள் கெடையாது. நீ இன்னாடான்னா எனக்குக் கற்பூரம் காட்டிக்கினு இருக்க. தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் வேற போட்டு வெச்சிருக்க. அவ்ளோ மரியாதையா எம்மேல?"

முதலாளி வாயைத் திறந்தார். உண்மையைத்தான் சொல்லப் போகிறார் என்று அந்த வாயின் கோணலிலேயே தெரிந்தது. அப்போது உள் கதவுப் பக்கம் மங்கையம்மா வந்து நின்றார். புருஷனை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்திருக்கவே மாட்டார்.

முதலாளி வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"தினமும் இல்ல சகல" என்றார். "செவ்வா வெள்ளி மட்டும்."

கன்னியப்பன் பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்கள் முதலாளியின் முகம் அவர் தோளுக்கு மேல் என் பக்கம் இருந்தது. வேப்பெண்ணெய் குடித்த முகம். ஆனால் இந்தப் பக்கம் அக்காளும் தங்கையும் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் கட்டிக்கொண்டு, "எளச்சிட்டியேடி", "நீ மட்டும் இன்னா வாழ்றியாம்" என்று அழுததைப் பார்த்தபோது அந்த முகமும் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நானும் ஸ்டேப்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். மங்கையம்மா மறுநாளே அக்கா வீட்டுக்குப் போய் முறுக்கு சுற்ற உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்தில் பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது முதலாளி என்னிடம், "நாளைக்கு சீக்கிரமா வா. வேலை இருக்குது" என்றார்.

என்ன வேலை? கன்னியப்பன் இனிமேல் செவ்வாய், வெள்ளியில் எந்த நேரமும் வருவாரே! டெஸ்க்டாப்பில் இரண்டு ஷார்ட்கட்: ஒன்று பெருமாள், இன்னொன்று கன்னியப்பர். ஐகானைத் தேடித் தட்ட நேரம் இருக்காது என்று கீபோர்டிலும் போட்டு வைத்தேன். எஃப் ஏழு அமுக்கினால் பெருமாள். எஃப் எட்டு அமுக்கினால் கன்னியப்பர். வாசலில் அவர் ஆட்டோ நின்றால் மங்கையம்மா இருமுவார். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்கு நாலு விநாடி. அதற்குள் நான் எஃப் எட்டு. ஒருநாள் பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து அமுக்கி, பாதித் திரையில் பெருமாளும் பாதித் திரையில் அவருமாக வந்து நின்றுவிட்டார்கள். கன்னியப்பன் கூச்சப்பட்டுப் போய், "பெருமாளுக்குச் சரியாவா? எனக்கு எதுக்குப்பா அவ்ளோ? கொஞ்சம் கீழ எறக்கிப் போடும்மா" என்றார்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். நல்லா இருப்பீர்கள், திறந்த உடனே ஏழெட்டு கேள்வி கேட்காதீர்கள். வெல்கம் சொல்ல ஆள் வைக்காதீர்கள். 'எங்கே விட்டாயோ அங்கேயா, புதுசா?' என்று ஒரே ஒரு கேள்வி, பெரிய எழுத்தில், அதுவும் ஒரே ஒரு தடவை. போதும். ஆனால் ஒருத்தர் பெயர் வைத்துச் சேமித்த செஷனை, மூடும்போது சத்தமில்லாமல் மாற்றி எழுதுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 'இனிமேல் கேட்காதே' என்கிற பெட்டியில் டிக் அடிக்கிறவர் யார், அவருக்கு ஆறே காலுக்குப் பஸ் இருக்கிறதா என்றெல்லாம் யோசித்துவிட்டுப் பிறகு அந்தப் பெட்டியை வையுங்கள்.

இப்போது பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கே சொந்தமாக ஒரு டிசைன் சென்டர் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது படிக்காமல் கையெழுத்துப் போட்டால், கேஸ் சிலிண்டர் புக்கிங்கில் தப்பான நம்பரை அமுக்கினால், என் வீட்டுக்காரர் உடனே கைகூப்பி, "கன்னியப்ப சுவாமிகளுக்கு..." என்பார். பிள்ளைகள் கோரஸாக "அரோகரா!" என்று கத்தும். வேலூர்க் குடும்பம் இன்னும் நிறுத்தவில்லை. அவர்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை சுவாமிகளுக்கு என்று எங்கள் பழைய முதலாளி கடைக்கு வந்துவிடுகிறது. அவர் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகலையிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

போன மாதம் கன்னியப்பன் ஒரு டிசைன் விஷயமாக என் சென்டருக்கு வந்தார். டீ குடித்துக்கொண்டே, என்னவோ வெயிலைப் பற்றிச் பேசுகிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்:

"ஏம்மா ஸ்டெல்லா, அன்னிக்கு அந்த வட்டத்த என் தலைக்கா போட்ட? புட்டாவுக்குத்தான போட்ட?"

நான் கப்பைக் கீழே வைத்தேன்.

"சார்... உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போட்டோவ பாத்த ஒடனே. கோடு இழுத்து அளவு போட்டிருக்க, எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து தறிகூடவே கெடக்கிறவன் நானு. ரெண்டு மாசத்துல அதே அன்னப்பட்சி உங்க கடை ஷோகேஸ்ல தொங்குச்சே."

"அப்புறம் ஏன் சார் அழுதுக்கினு வந்தீங்க?"

"இன்னாம்மா பண்றது? எம்மூட்டுக்காரி தங்கச்சி தங்கச்சின்னு எட்டு வருஷமா தலகாணிய நனைக்கிறா. பொண்ணுக்குக் கல்யாணம். நானா போய் கூப்புட எனக்கு வாய் வரல. இது ஒரு சாக்கு. வுட்டா மறுபடி கெடைக்குமா?"

அவர் டீயைக் குடித்து முடித்து, கப்பை வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி,

"உங்க மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. பாவம், என்னை ஏமாத்திக்கினு இருக்கறதா நெனச்சி எவ்ளோ சந்தோஷமா இருக்கறான்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பத்தரைக்குள் சகலை கடை டிவி முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஆரத்தியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.